உஷார்! ‘பிள்ளையை எங்ககிட்ட விட்டுரு தாயி’ என்று யாராவது வந்தால்…

“கவலைப்படாத தாயி. வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாம முடிச்சிரலாம். பிள்ளை நல்ல எடத்துக்குப் போகும். உனக்கும் கைச்செலவுக்கு ஒரு தொகை வாங்கித் தாரேன்.”

நிறைமாதத்தோடு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிற பெண்ணிடம் இப்படி யாராவது பேசினால் அந்த நொடியே உஷாராகிவிடுங்கள். பேசுகிறவர் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பழகிய முகமாக இருக்கலாம். மில்லில் ஒரே ஷிப்ட் பார்க்கிற அக்காவாகக்கூட இருக்கலாம். குரலில் தேன் சொட்டும். ஆனால் அவர் அங்கே நின்று உங்கள் பிள்ளைக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பக்கம், அந்தத் தரகர்கூடக் கிடைக்காத பெண்கள் இருக்கிறார்கள். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி மறைத்து, கழிப்பறையில் தனியாகப் பெற்று, கட்டைப்பையில் சுற்றி முள்ளுக்காட்டிலோ கண்மாய்க் கரையிலோ வைத்துவிட்டு வருகிறவர்கள். மறுநாள் காலையில் ஆடு மேய்க்கப் போனவர் அழுகைச் சத்தம் கேட்டுத் தூக்கினால் அது செய்தி. சத்தம் கேட்கவில்லை என்றால் அதுவும் செய்திதான். ‘கல் நெஞ்சத் தாய்’ என்று தலைப்புப் போடுவார்கள். டீக்கடையில் எல்லோரும் அவளைத் திட்டுவார்கள்.

எனக்குப் பதற்றமாக இருப்பது வேறொரு காரணத்துக்காக. இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழியை நம் நாட்டுச் சட்டமே திறந்துவைத்திருக்கிறது. வளர்க்க முடியாத குழந்தையைப் பெற்றவள் பயமில்லாமல் அரசிடம் ஒப்படைத்துவிடலாம். நம் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனை வீடுகளில் இது தெரியும்? நமக்குத் தெரியாது என்பது தரகருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வியாபாரத்துக்கு முதலே அதுதான்.

இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: குழந்தையை எறிவது குற்றம். விற்பது குற்றம். ஒப்படைப்பது குற்றமே இல்லை.

ராசிபுரத்தில் கேட்ட குரல்

2019 ஏப்ரலில் ஓர் ஒலிப்பதிவு தமிழ்நாட்டையே உலுக்கியது. நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் அரசு மருத்துவமனைப் பணியிலிருந்து விலகிய ஒரு செவிலியர், பிள்ளை வேண்டும் என்று கேட்டவரிடம் போனில் நிதானமாகப் பேசுகிறார். பெண் குழந்தை என்றால் மூன்று லட்சத்தை ஒட்டி, ஆண் குழந்தை என்றால் நான்கு லட்சம் வரை, நிறத்துக்குத் தகுந்த விலை. பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தரத் தனியாக 70,000 ரூபாய். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பதாக அவரே சொல்கிறார். ஜவுளிக்கடையில் சேலைக்கு விலை சொல்கிற தொனி.

விசாரணை கொல்லிமலை வரை போனது. வறுமையில் இருந்த மலைவாழ் குடும்பங்களிடமிருந்து சில ஆயிரங்களுக்குக் குழந்தைகளை வாங்கியதாகப் புகார் வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் உட்படப் பலர் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. கொல்லிமலையில் தாய்க்குக் கிடைத்த தொகையையும் வாங்கியவர் கொடுத்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பது தரகரின் பங்கு.

‘ராசிபுரம் எங்கேயோ இருக்கிறது’ என்று நினைக்க வேண்டாம். 2021இல் நமக்குப் பக்கத்து மதுரையிலேயே ஒரு காப்பகத்தில், கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டப்பட்ட குழந்தை பிறகு இன்னொரு வீட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டது. அதே கொரோனா இரண்டாம் அலையில், ‘பெற்றோர் இறந்துவிட்டார்கள், கைக்குழந்தையைத் தத்தெடுக்க இந்த எண்ணில் தொடர்புகொள்ளவும்’ என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. நம்மில் எத்தனை பேர் கண் கலங்கி அதைப் பத்து குரூப்புக்கு அனுப்பினோம்! அப்படித் தத்துக் கொடுப்பது சட்டவிரோதம் என்று மத்திய அரசே எச்சரிக்க வேண்டியிருந்தது.

தரகரின் வழக்கமான தந்திரங்கள்

எல்லா ஊரிலும் இவர்கள் வேலை செய்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே சொல்வதில் ஒன்று நடந்தாலும் மணி அடிக்கட்டும்.

பிரசவத்துக்குச் சேர்க்கும்போது உங்கள் பெயருக்குப் பதிலாக வேறொரு பெண்ணின் பெயரையும் ஆதார் எண்ணையும் கொடுக்கச் சொல்வார்கள். ‘ரகசியம் காக்கத்தான்’ என்பார்கள். காரணம் வேறு. ஆவணத்தில் அந்தப் பெண்ணே பிரசவித்ததாகப் பதிவாகிவிட்டால், பிள்ளையைப் பெற்றதற்கான ஒரு தடயமும் உங்களிடம் இருக்காது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கிராம சுகாதார செவிலியர் மூலம் பன்னிரண்டு இலக்க எண் வாங்கித் தருகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் அதோடு சேர்ந்தது. அந்த எண்ணை வாங்கவே விடாமல் உங்களைத் தடுக்கிறவர்கள் ஏதோ திட்டத்தோடு இருக்கிறார்கள்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ‘இதுதான் தத்துப் பத்திரம்’ என்பார்கள். பணம் கைமாறிய இடத்தில் எந்தப் பத்திரமும் தத்து ஆகாது. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் அப்போதே தடை செய்துவிட்டது.

வேறு ஊருக்குக் கூட்டிப்போய் வீடு பிடித்துத் தங்கவைப்பார்கள். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிரசவம் முடிந்ததும் ‘முகத்தைப் பார்க்காத, பார்த்தா மனசு மாறும்’ என்பார்கள். மனசு மாறிவிடுமோ என்பது அவர்களுடைய பயம். மாறுவதற்கு உங்களுக்குள்ள உரிமையைச் சட்டம் காப்பாற்றிக் கொடுக்கிறது. அது எப்படி என்று அடுத்துச் சொல்கிறேன்.

விற்றது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? சிறார் நீதிச் சட்டம் 2015இன் 81ஆவது பிரிவின்படி குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும். மருத்துவமனை ஊழியரே செய்தால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகலாம். மருத்துவமனையிலிருந்து பிறந்த குழந்தை கடத்தப்பட்டால் அதன் உரிமத்தை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. கையில் வந்த காசு கரைந்து போன பிறகும் வழக்கு மட்டும் உங்கள் வாசலில் நிற்கும்.

சட்டம் திறந்துவைத்த கதவு

சிறார் நீதிச் சட்டத்தின் 35ஆவது பிரிவைத்தான் நம் ஊர்ச் சுவரெல்லாம் எழுத வேண்டும். உடல்நிலையாலோ மனநிலையாலோ சமூகச் சூழ்நிலையாலோ தங்கள் சக்திக்கு மீறிய காரணத்தால் குழந்தையை வளர்க்க முடியாத பெற்றோர், குழந்தைகள் நலக் குழுவின் முன் அந்தக் குழந்தையை ஒப்படைக்கலாம் என்கிறது அது. மாவட்டந்தோறும் இந்தக் குழு உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழு கூடாத நாளிலும் ஒரே ஓர் உறுப்பினரிடம்கூடக் குழந்தையைக் கொண்டுபோகலாம்.

முதலில் உட்காரவைத்துப் பேசுவார்கள். வளர்க்க என்ன தடை, உதவி கிடைத்தால் வைத்துக்கொள்வாயா என்று கேட்பார்கள். ‘இல்லை, முடியாது’ என்றால் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் சட்டத்தின் கருணை இருக்கிறது: யோசித்துப் பார்க்க முழுசாக இரண்டு மாதம் தருகிறார்கள். பிரசவ வலியும் பயமும் அடங்கி, தூக்கம் வந்து, பால் கட்டிய மார்பு தணிந்து, ஒரு நாள் விடியற்காலையில் ‘என் பிள்ளை எனக்கு வேணும்’ என்று தோன்றினால் போய்க் கேட்கலாம். குழு விசாரித்துத் திருப்பிக் கொடுக்க முடியும். அந்த இரண்டு மாதம் முடிவதற்கு முன் குழந்தையை யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது.

தரகரிடம் கொடுத்த குழந்தைக்கு இந்த அறுபது நாள் கிடையாது. அறுபது நிமிடம்கூடக் கிடையாது. கார் கிளம்பிவிட்டால் முடிந்தது.

இரண்டு மாதத்துக்குப் பிறகும் வரவில்லை என்றால் குழந்தை சட்டப்படி தத்துக்குரியதாக அறிவிக்கப்படும். அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனத்தில் வளரும். வீடு தேடி வந்து விசாரணை முடிந்த, வரிசையில் காத்திருந்த பெற்றோருக்குப் போகும். கலெக்டர் ஆணையிட்டால்தான் தத்து முழுமையாகும். யார் எடுத்தார்கள், எப்படி வளர்க்கிறார்கள் என்று பிறகும் பார்ப்பார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு திரும்பக் கேட்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே அந்த இரண்டு மாதத்தை நன்றாக யோசிக்கப் பயன்படுத்துங்கள்.

யாரிடம் போவது? விருதுநகர் வரை அலைய வேண்டுமா?

பச்சை உடம்போடு பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டாம். போனில் 1098 அழுத்துங்கள். பத்து, ஒன்பது, எட்டு. குழந்தைகளுக்கான இலவச உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அவர்களே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் சொல்லி ஆளை அனுப்புவார்கள்.

பிரசவத்துக்கு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் சொந்தப் பெயரிலேயே சேருங்கள். பிறகு டாக்டரிடமோ தலைமைச் செவிலியரிடமோ தனியாக ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: “இந்தப் பிள்ளையை என்னால வளர்க்க முடியாது. குழந்தைகள் நலக் குழுகிட்ட ஒப்படைக்கணும்.” குழந்தையைப் போட்டுவிட்டுப் போக அரசு தொட்டில் எங்கே வைத்திருக்கிறது என்று இருட்டில் தேடி அலைய வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைதான் உங்களுக்குக் கிடைக்கிற மிகப் பாதுகாப்பான தொட்டில்.

சட்டச் சிக்கல் என்று பயம் இருந்தால் அதற்கும் உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தானே இருக்கிறது! அந்த வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், வக்கீல் உதவி இலவசம். போனில் கேட்க 15100. வீட்டில் அடி உதை, மிரட்டல் என்றால் 181.

நெஞ்சை அடைக்கிற கேள்விகள்

*போலீஸ் பிடிக்குமா?* குழுவின் முன் ஒப்படைப்பது சட்டம் அனுமதித்த காரியம். குற்றமே இல்லாத இடத்தில் வழக்கு எங்கிருந்து வரும்? ஆனால் எங்கோ போட்டுவிட்டு ஓடினால் கதை வேறு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெற்றவரே கைவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 93ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. குழந்தை இறந்துவிட்டால் வழக்கு இன்னும் கடுமையாகும். ‘வேறு வழியே இல்லாமல் விட்டேன்’ என்று நிரூபணமானால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு இரக்கம் காட்டுகிறது. ஆனாலும் அந்த இரக்கத்தை நம்பி முள்ளுக்காட்டுக்குப் போகாதீர்கள். அங்கே நாய் இருக்கிறது, எறும்பு இருக்கிறது, பனி இருக்கிறது.

*ஊருக்குத் தெரிந்துவிடுமா?* ஒப்படைத்தவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது விதி. குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டாலே தண்டனை உண்டு. நாளை அந்தப் பிள்ளை வளர்ந்து ‘என்னைப் பெற்றவர் யார்’ என்று தேடி வந்தாலும், நீங்கள் உங்கள் விவரத்தைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தால் உங்கள் சம்மதம் கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

*கல்யாணம் ஆகாதவள் கொடுக்கலாமா?* கொடுக்கலாம். தாய் ஒருத்தியின் கையெழுத்தே போதும். கல்யாணமான தம்பதி என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் அதற்கான சான்று வேண்டும். ‘புருஷன் எங்கே போனார் என்றே தெரியாது’ என்றாலும் கதவை மூட மாட்டார்கள். கைவிடப்பட்ட குழந்தையாகக் கணக்கில் எடுத்து வேலையை நடத்துவார்கள்.

*பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லையே?* அப்படியென்றால் அவள் பாதிக்கப்பட்ட பிள்ளை. போக்சோ சட்டத்தின் கீழ் காவல் துறைக்குத் தகவல் போகத்தான் செய்யும். அது அவளைக் கெடுத்தவனைப் பிடிப்பதற்காக. ‘மானம் போய்விடும்’ என்று அவளை வீட்டு மூலையில் ஒளித்து வைத்து, மருத்துவச்சியைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற பெற்றோரே, பதினாறு வயது உடம்பில் பிரசவம் என்பது உயிரோடு விளையாட்டு. பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் தாய் போய்விடுவாள். மறைத்துப் பெறுகிற ஒவ்வொரு பிரசவத்திலும் ஆபத்து இரண்டு உயிருக்கு.

*இப்போதுதான் நாள் தள்ளியிருக்கிறது, என்ன செய்ய?* நாள் கடத்தாதீர்கள். கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடும், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடும் பாதுகாப்பாகக் கலைக்க வழி உண்டு. கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்கள் பெயரை வெளியே சொல்கிற ஆளுக்கு ஓராண்டு வரை சிறை. மெடிக்கல் ஷாப்பில் ஆளை விட்டு மாத்திரை வாங்கி வரச் சொல்லி வீட்டில் விழுங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

கண்டெடுத்த பிள்ளையைக் கும்பிடுகிற ஊர்

இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் உலகத்துக்கு ஆண்டாள். பெரியாழ்வார் பூப்பறிக்கப் போன நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில் கிடைத்த குழந்தை. பூமித்தாயே வந்து பிறந்தாள் என்று நம்பிக் கைகூப்பும் ஊர் இது. அந்த நந்தவனம் இன்றும் கோயிலை ஒட்டி இருக்கிறது. ஆடிப்பூரத்தில் அந்தப் பெரிய தேரை இழுக்க ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் ஜனம் திரள்கிறது. வளையல் வாங்கிச் சாத்தி, ‘எங்க வீட்டுலயும் ஒரு தொட்டில் ஆடணும் தாயே’ என்று வேண்டிக்கொள்கிற பெண்கள் எத்தனை பேர்!

விஷ்ணுசித்தர் என்கிற பெரியாழ்வார் அந்தக் குழந்தையைக் கோதை என்று பெயரிட்டு ஊரறிய வளர்த்தார். ஒளித்து வைக்கவில்லை. ‘யார் பெற்றதோ’ என்று யாரும் முகம் சுளித்ததாகக் கதை இல்லை. கண்ணனுக்குத் தமிழில் தாலாட்டுப் பாடிய ஆழ்வாரின் வீட்டுக்குள் உண்மையிலேயே ஒரு தொட்டில் ஆடியது.

அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு ‘குப்பைத்தொட்டிக் குழந்தை’, ‘அப்பன் பேர் தெரியாதது’ என்று பேசுகிற நாக்குகளைக் கேட்கிறேன்: ஆடிப்பூரத்தன்று யாரைக் கும்பிட்டீர்கள்? பெண்களை முள்ளுக்காட்டுக்கு விரட்டுவதில் பாதிப் பங்கு அந்த நாக்குகளுக்கு உண்டு.

வழியில் ஒரு குழந்தை கிடந்தால்

ஆட்டோக்காரரே, வாக்கிங் போகிறவரே, கோயிலில் விளக்குப் போட வந்தவரே, இது உங்களுக்கு.

முதலில் 108. ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தையைக் குளிர் தாக்காமல் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. பிறந்த பிள்ளைக்கு உடம்புச் சூடு வெகு சீக்கிரம் இறங்கிவிடும். ஈரத்தை மெதுவாகத் துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி, தலையை மூடுங்கள். நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புச் சூடே மருந்து. குளிப்பாட்டாதீர்கள். தொப்புள் கொடியை இழுக்காதீர்கள். மஞ்சளோ சாம்பலோ சாணியோ வைக்காதீர்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர், பசும்பால் ஒன்றும் வாயில் விடாதீர்கள்.

பிறகு 1098 அல்லது போலீஸ் எண் 112. கண்டெடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 32ஆவது பிரிவு. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இரண்டுமேகூட உண்டு. ‘பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பத்து வருஷமா பிள்ளை இல்ல, அவங்ககிட்ட கொடுத்துருவோம்’ என்று நல்ல மனசோடு செய்தாலும் சட்டத்தின் கண்ணில் தப்பு. நாளை அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேரச் சான்றிதழ் இருக்காது, சொத்தில் உரிமை நிற்காது. தெருவில் எவனாவது ஒருவன் ‘நீ எடுத்து வந்த பிள்ளை’ என்று மிரட்டிக் காசு பறிக்க இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

போனை எடுத்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளையைத் துரத்தப் போகிற படம் அது. சட்டப்படியும் குற்றம்.

குழந்தைக்காக ஏங்குகிற தம்பதிகளே

உங்கள் வலியைத் தரகர் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார். ‘வரிசையில நின்னா மூணு வருஷத்துக்கு மேல ஆகும், நான் மூணு மாசத்துல தாரேன்’ என்பார். காத்திருப்பு நீளம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் மத்தியத் தத்து ஆதார ஆணையத்தில் பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கு 2024-25ஆம் நிதியாண்டில் மட்டும் நாடெங்கும் 4,515 குழந்தைகள் முறைப்படி கிடைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவை எந்தப் போலீசும் தட்டப் போவதில்லை. காசுக்கு வாங்கிய பிள்ளையை, அது உங்களை ‘அம்மா’ என்று கூப்பிடப் பழகிய பிறகு ஒரு நாள் அதிகாரிகள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். ராசிபுரத்துக்குப் பிறகு பல வீடுகள் அந்தப் பயத்தில் தூங்காமல் கிடந்தன.

தொட்டில் நமக்குப் புதிதா?

பெண் சிசுக்கொலை உசிலம்பட்டியின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட காலத்தில், 1992இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்றது. 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி என்று விரிந்தது. வந்தவற்றில் பெரும்பகுதி பெண் குழந்தைகள் என்பது நம் சமூகத்துக்கு விழுந்த சூடு. நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2002இல் திருவனந்தபுரத்தில் அம்மத்தொட்டில் வந்தது. குழந்தையை வைத்தால் உள்ளே மணி அடிக்கும், வைத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. பாகிஸ்தானில் எதி அறக்கட்டளை தன் மையங்களின் வாசலில் தொட்டில் போட்டு வைத்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1999இல் இதற்கெனத் தனிச் சட்டம் போட, 2008க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வந்துவிட்டது. அங்கே ஆஸ்பத்திரியிலோ தீயணைப்பு நிலையத்திலோ கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து போகலாம்.

அங்கே பல இடங்களில் அந்தச் சட்டத்தை விளம்பரமும் செய்தார்கள். கட்டிடத்தில் பலகை வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நம்மிடம் சட்டம் இருக்கிறது, எண் இருக்கிறது, பலகை இல்லை. ராஜபாளையத்துப் பஞ்சாலை விடுதிகளின் அறிவிப்புப் பலகையில், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெசவுக் கூடங்களில், இரண்டு ஊர்ப் பஸ் ஸ்டாண்டுப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிகள் வரிசையில், ‘வளர்க்க முடியாத குழந்தையை ஒப்படைக்கலாம், குற்றமில்லை, 1098’ என்று எழுதி ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? நகராட்சியும் மில் நிர்வாகங்களும் சுகாதாரத் துறையும் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை இது.

அதுவரை நாமே ஆளுக்கொரு பலகையாக இருப்போம். இன்று ராத்திரி உங்கள் வீட்டுக் காலண்டரின் ஓரத்தில் 1098 என்று பெரிதாக எழுதி வையுங்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து சொல்லுங்கள். வயதுக்கு வந்த மகளிடமும் மகனிடமும், வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடமும் சொல்லுங்கள். மகளிடம் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: “என்ன தப்பு நடந்தாலும் முதல்ல என்கிட்ட வா. நான் இருக்கேன்.” அந்த வார்த்தையை நம்பி ஒரு பெண் உங்கள் கதவைத் தட்டினால், தரகரிடமும் முள்ளுக்காட்டுக்கும் போகாமல் ஒரு பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.